தவக்காலத்தில் வெட்டிய கேரம் போர்டு

என் மாமனாருக்கு எழுபத்தைந்து வயது நிறைகிற நாள் தவக்காலத்தின் நடுவில் வந்து விழுந்தது. மற்ற கத்தோலிக்க வீடுகளில் வெள்ளிக்கிழமை கறியை ஒதுக்குவார்கள். மீனும் முட்டையும் தாராளமாக நடக்கும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. இறந்துபோன மாமியார் போட்ட சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரை முழுச் சுத்தபோசனம். முட்டைகூடக் கவிச்சிக் கணக்கில்தான் சேரும். கொண்டாட்டமும் கூடாது. ஆனால் சென்னையில் இருக்கும் நாத்தனாருக்குத் திடீரென்று அப்பா மேல் பாசம் பொங்கிவிட்டது. குடும்ப வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினாள்.

"எழுபத்தஞ்சு வயசு எல்லாருக்குமா வாய்க்குது? ஞாயித்துக்கெழம நோம்புக் கணக்குல வராது, அன்னைக்கு வச்சுக்கிட்டா தவக்காலக் குத்தம் இல்ல. முட்டையில்லாம ஒரு கேக் வெட்டிருவோம். நாங்க வீடியோவுல வந்துருவோம்."

துபாயில் இருக்கும் கொழுந்தன் அதற்குக் கீழே ஒரு கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போய்விட்டான்.

"பேக்கரியில சொல்லிருவோமா?" என்று என் கணவர் கேட்டார்.

"வேணாம். நானே செய்யிறேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கத்தான் செய்வார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேசரிக்குமேல் எந்த இனிப்பும் செய்ததில்லை. மருமகள் பாசத்தால் ஒன்றும் நான் முன்வரவில்லை. எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது.

நான் கணக்கு டீச்சர். பழனி ரோட்டில் கன்னியர்கள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். மாமனார் குளியலறையில் விழுந்து, வலது பக்கம் கையும் காலும் போய், பேச்சும் ஒற்றை வார்த்தையாகக் குறைந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது "கொஞ்ச நாளைக்கு" என்று சொல்லி என்னை வீட்டில் நிறுத்தினார்கள். அந்தக் கொஞ்ச நாள் மூன்று வருடமாக நீண்டுவிட்டது. இடையில் இரண்டு முறை ஆள் வைத்துப் பார்த்தோம். மனிதர் வெளியாட்களைத் தொடவிடவில்லை. ஒருத்தி மேல் கஞ்சித் தம்ளரையே எறிந்தார். அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூத்த பிள்ளை வீட்டில் அப்பா, அப்பாவுக்கு மூத்த மருமகள். யாரும் முடிவெடுக்காமலே எடுக்கப்பட்ட முடிவு அது.

என் கணவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்குப் பார்க்கிறார். விடியுமுன் பைக்கை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் வருவார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பகல் முழுக்க வீட்டில் நானும் அவரும்தான். பால் வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் காது வீட்டில் இருக்கும். ஞாயிறு பூசைக்கு நானும் கணவரும் மாற்றி மாற்றித்தான் போவோம். சேர்ந்து கோயிலுக்குப் போனது எப்போது என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மலைக்கோட்டையின் மேல் நாலைந்து பேர் நடந்துபோவது எறும்பு மாதிரி தெரிந்தது. அவர்கள் மேல் எனக்கு ஏற்பட்ட பொறாமையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். காலையில் பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது நான் அடுப்படியில் வேண்டுமென்றே மிக்சியைப் போடுவேன்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பள்ளியின் தலைமைச் சகோதரி போன் செய்தார். ஜூன் மாதம் ஒரு இடம் காலியாகிறது, முதலில் உன்னைத்தான் கேட்கிறேன், உயிர்ப்புத் திருநாளுக்கு முன்னால் பதில் சொல்லிவிடு என்றார். எனக்கு அந்த வேலை வேண்டும். அதற்குப் பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு வழி செய்ய வேண்டும். பள்ளி நடக்கிற மாதங்களில் அவரை ஆளுக்குச் சில மாதம் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. அதைத் தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாகத் தப்பித்துவிடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில், அதுவும் சந்தோஷமாக, ஒரு இடத்தில் இருக்க வேண்டும். கேக் வெட்டுகிற நேரத்தைவிட நல்ல நேரம் எது?

கணவரிடம் முன்கூட்டியே சொன்னேன். "நீயே சொல்லு. நான் குறுக்க வரமாட்டேன்" என்றார். "குறுக்க வரவேணாம், கூட வாங்க" என்றேன். "பாப்போம்" என்று எழுந்து குளிக்கப் போய்விட்டார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று என் அம்மா இவரைப் பற்றிப் பெண் பார்த்த அன்றே சொன்னாள்.

என்ன கேக் என்பதில் எனக்கு யோசனையே இல்லை. கேரம் போர்டு.

மாமனார் பி.டி. மாஸ்டராக இருந்தவர். பள்ளிக்கூடத்தில் அவர் விசில் சத்தத்துக்குப் பிள்ளைகள் நடுங்குவார்களாம். ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது கேரத்தில்தான். பங்கு இளைஞர் மன்றத்தில் அவர் பலகை முன் உட்கார்ந்தால் எதிரே உட்காரத் தயங்குவார்களாம். வலது கை போன பிறகு, பிசியோதெரபி செய்ய வந்த பெண்தான் இடது கை விரலுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றாள். பரணிலிருந்து பலகையை இறக்கி, கட்டிலோரம் ஒரு ஸ்டூலில் வைத்து, பவுடர் தூவி ஸ்ட்ரைக்கரை அவர் கையில் கொடுத்தேன். முதல் அடியில் அது பலகையைத் தாண்டிப் போய் அரிசி டின்னில் மோதியது. மனிதர் முகம் சிவந்துவிட்டது. மறுபடி கேட்டு வாங்கினார்.

அன்றிலிருந்து மத்தியானத் தூக்கம் முடிந்ததும் ஆட்டம். எனக்கு முதலில் அது பத்தோடு பதினொன்றாவது வேலையாகத்தான் இருந்தது. பிறகு எப்படியோ பிடித்துக்கொண்டது. பக்கச் சட்டத்தில் பட்டுத் திரும்புகிற காயை நான் கோணமாகப் பார்த்தேன்; அவர் பழக்கத்தில் பார்த்தார். நான் ஜெயித்தால் பலகை சாய்ந்திருக்கிறது என்று கையால் காட்டுவார். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்பேன். வாய் ஒரு பக்கம் இழுக்கச் சிரிப்பார். மற்ற நேரமெல்லாம் நான் அவருக்குச் சோறு ஊட்டுகிறவள், துடைத்துவிடுகிறவள். அந்த ஒரு மணி நேரம் எதிராளி. அவர் தூங்கும்போது நான் தனியாக ஆடிப் பழகியதும் உண்டு. அந்த வீட்டில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான் என்று சொன்னால் அது பெரிய மிகையில்லை.

சனிக்கிழமை வேலையைத் தொடங்கினேன். முட்டைக்குப் பதில் சிறுமலை வாழைப்பழம் போடலாம் என்று எனக்கே தோன்றியது. அந்தப் பழத்தில் நீர் குறைவு, மாவைப் பிடித்துக்கொள்ளும். இனிப்பும் அதிலேயே இருப்பதால் சர்க்கரையைக் குறைக்கலாம். அவருக்குச் சர்க்கரை நோய் வேறு. மலையிலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு இறங்கி எங்கள் தெரு வழியாக வருகிற பழக்கார அம்மாவிடம் தோல் கறுத்த பழமாகக் கேட்டேன். "கறுத்தத யாரு கேப்பா? சும்மா எடுத்துக்க" என்று தலையில் கட்டினாள். பழத்தைப் பிசைந்து, தயிரும் சோடா உப்பும் சேர்த்து, மாவைச் சலித்துக் கலந்தேன்.

குக்கருக்குள் சதுரத் தட்டு போகவில்லை. வட்டக் கேரம் போர்டு உலகத்தில் கிடையாது. பரணைப் பார்த்தேன். பிரியாணி அண்டா தவக்காலத்துக்கு ஓய்வெடுத்துக்கொண்டு கவிழ்ந்து கிடந்தது. அதை இறக்கி, அடியில் ஆற்று மணல் பரப்பி, மேலே கம்பி முக்காலி வைத்து, அதன் மேல் தட்டை வைத்து மூடினேன். அண்டா எத்தனை தேய்த்தாலும் பட்டை வாசம் போகாத பாத்திரம். கேக் வேகும்போது வீட்டில் வாழைப்பழமும் பிரியாணியும் கலந்த ஒரு மணம் வந்தது. உள்ளே கட்டிலிலிருந்து மாமனார் மூக்கை உறிஞ்சி, "ஏம்மா?" என்று சந்தேகமாகக் கேட்டார். தவக்காலத்தில் நான் கறி வேகவைக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

வெந்து இறக்கினால் நடுவில் உப்பி மலை மாதிரி நிற்கிறது. கேரம் பலகை மேடாக இருந்தால் விளங்குமா? நூலைப் பிடித்து மேல்பகுதியை அறுத்துத் தட்டையாக்கினேன். அறுத்த துண்டை நானே நின்றபடி தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு பால்கோவாவைப் பாலில் குழைத்து மேலே பூசினேன். பலகை நிறம் அப்படியே வந்தது. ஸ்டீல் தம்ளரின் விளிம்பால் நான்கு மூலையிலும் குழி வெட்டி, உருக்கிய சாக்லேட்டை ஊற்றினேன். சுற்றிலும் சாக்லேட் பிஸ்கட்டால் சட்டம். கோவாவைத் தட்டி, பாட்டில் மூடியால் அழுத்திக் காய்களை எடுத்தேன். பாதிக்குக் கோகோ பிசைந்து கறுப்பாக்கினேன். நடுவில் ரெட்டுக்கு ஒரு செர்ரிப் பழம். ஸ்ட்ரைக்கரும் கோவாதான்.

கோடு போட வேண்டிய கட்டத்தில் மாமனாரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒளித்து வைத்து ஆச்சரியப்படுத்தலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் பார்க்காமல் கோடு போட எனக்குப் பயம். காகிதக் கூம்பில் சாக்லேட்டை நிரப்பி நான் இழுக்க இழுக்க, அவர் மூச்சுவிடாமல் பார்த்தார். மூலையை நோக்கிப் போகிற அம்புக்குறியைக் கொஞ்சம் குட்டையாக நிறுத்திவிட்டேன். "ம்ஹும்" என்று இடது கையால் இன்னும் நீட்டச் சொன்னார். நீட்டினேன். "ஆ" என்றார். எல்லாம் முடிந்ததும் அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அந்த நேரத்தில் அவரை ஊருக்கு அனுப்பும் சாமானைப் போல நினைத்து நான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது உறுத்தியது. உறுத்தினாலும் திட்டத்தை மாற்றவில்லை. எனக்கு வேலை வேண்டும்.

ஞாயிறு காலை பூசை முடிந்து கணவர் வந்ததும் போனைப் பூச்சாடியில் சாய்த்து நிறுத்தினோம். மாமனாருக்கு வெள்ளைச் சட்டை. திரையில் ஒரு கட்டத்தில் நாத்தனார் குடும்பம், இன்னொன்றில் கொழுந்தன். முதலில் நாத்தனார் செபம் சொன்னாள். அப்பாவின் உடல்நலத்துக்காகவும், அவரைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்கும் மதினிக்காகவும் மன்றாடினாள். எல்லோரும் ஆமென் சொன்னோம்.

போனைத் திருப்பிக் கேக்கைக் காட்டினார் கணவர். அந்தப் பக்கம் ஒரே சத்தம். "மதினி, இது நீங்க செஞ்சதா?" என்று கொழுந்தன் இரண்டு தடவை கேட்டான். மாமனார் கத்தியைத் தொடவில்லை. இடது கையை நீட்டி, கோவா ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து, விரலால் ஒரு சுண்டு சுண்டினார். பிசுபிசுப்பான பலகையில் அது எங்கே ஓடும்? பாதி தூரம் வழுக்கி நின்றது. ஆனால் செர்ரியைத் தொட்டு நகர்த்திவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். மனிதர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறக்க முடியாது.

இதுதான் நேரம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"மதினி, இம்புட்டுத் திறமைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கீங்களே. வீட்டுலருந்தே கேக் ஆர்டர் எடுக்கலாம்ல? இப்ப எல்லாருக்கும் அவங்கவங்களுக்குப் புடிச்ச விளையாட்டுலதான் கேக் வேணும். கிரிக்கெட்டு, மொபைல் கேமு, எல்லாம்."

"ஆமா, முட்டையில்லாத கேக்குக்கு நல்ல கிராக்கி" என்றான் கொழுந்தன். "நான் வேணா நல்ல ஓவன் ஒண்ணு வாங்கி அனுப்புறேன்."

"அப்பாவையும் பாத்துக்கிட்ட மாதிரி இருக்கும், உங்களுக்கும் பொழுது போகும்" என்றாள் நாத்தனார்.

என் கணவர், எல்லாம் தெரிந்த என் கணவர், "நல்ல யோசனையாத்தான் இருக்கு" என்றார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் வாழைப்பழமும் கோவாவும் போட்டு வைத்துக்கொண்டேன். வீட்டைவிட்டு வெளியே போக ஒரு கேக் செய்தேன். அந்தக் கேக்கைக் காட்டியே என்னை அடுப்படிக்குள் உட்காரவைக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். பாராட்டுகிறவர்களை என்ன செய்வது?

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எவ்வளவோ பக்குவமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போய், "நான் ஜூன்ல பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போறேன்" என்று மட்டும் வந்தது.

"அப்ப அப்பாவ யாரு பாக்குறது?" என்று கேட்டாள் நாத்தனார்.

"இத்தன நாள் நான் பாத்தேன். இனி முறை வச்சுக்குவோம். ஆளுக்குச் செல மாசம். முதல்ல யாரு கூப்பிட்டுக்கிறீங்க?"

துபாய்க் கட்டத்தில் கொழுந்தன் எதையோ எடுப்பதுபோல் குனிந்தான். நாத்தனார் பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் திரையைவிட்டு எழுந்து போனார். என் கணவர் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனாருக்குப் பேச்சுதான் போனது; காதும் புத்தியும் நன்றாக இருக்கின்றன. எங்களுக்குத்தான் அது அடிக்கடி மறந்துவிடும். அவர் முதலில் திரையில் மகளைப் பார்த்தார். செத்த நேரம் பார்த்தார். பிறகு இளைய மகனை. பிறகு கழுத்தைத் திருப்பிப் பக்கத்தில் நின்ற மூத்த மகனை. ஒவ்வொருவரிடமும் அவர் காத்திருந்தார். சுண்டிய விரலில் கோவா இன்னும் ஒட்டியிருந்தது. இவர்களில் ஒருவர், பொய்க்காகவாவது, "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டுமே என்று ஏங்கினேன். அவர் காத்திருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அட, சும்மா சொன்னேன்" என்று சிரித்தேன். "பொறந்தநாள் அதுவுமா உங்களக் கொஞ்சம் பயங்காட்டுவோம்னு பாத்தேன். மாமாவ விட்டுட்டு நான் எங்க போகப்போறேன்?"

எத்தனை சுலபமாக நம்பினார்கள். நாத்தனார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். கொழுந்தன் நிமிர்ந்து, ஓவன் எத்தனை லிட்டரில் வேண்டும் என்று கேட்டான். கணவர் கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டி அப்பா வாயில் கொஞ்சம் வைத்தார். அவர் மென்றார், விழுங்க ரொம்ப நேரமானது.

தலைமைச் சகோதரியிடம் போனில் முடியாது என்று சொன்னேன். "சரிம்மா, குடும்பந்தானே முக்கியம்" என்றார். கணவரோடு நான் கொஞ்ச நாள் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான் எதிர்பாராதது வேறு. கேக் வெட்டிய அன்று மத்தியானம் வழக்கம்போல் ஸ்டூலை இழுத்துப் பலகையை வைத்தேன். மாமனார் கையை நீட்டவில்லை. களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் ஆடவில்லை. புனித வாரம் வந்தது, பெரிய வெள்ளி போனது, உயிர்ப்பு ஞாயிற்றுக்கு வீட்டில் கறி மணத்தது, அவர் ஆடவில்லை. சோறு ஊட்டினால் சாப்பிட்டார், மருந்து கொடுத்தால் விழுங்கினார். பலகையைக் கொண்டுவந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு முதலில் பயம் வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. இந்த மனிதருக்காக ஒரு வேலையை விட்டேன். இருந்த ஒரு மணி நேர ஆட்டத்தையும் இவர் பிடுங்கிக்கொள்கிறார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"ஏன் மாமா, நான் போறேன்னு சொன்னதுல எம்மேல கோவமா?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பின்ன ஏன் ஆட மாட்டேங்கிறீங்க?"

அவருக்கு ஒரு வார்த்தைக்கு மேல் கோத்து வருவது பெரும்பாடு. கழுத்து நரம்பு புடைக்க முயன்றார். நான் குனிந்து காத்திருந்தேன்.

"ஒருத்தரும்" என்றார். மூச்சு வாங்கினார். "சொல்லல."

"நான் சொன்னேன்ல மாமா. நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல."

என்னை நேராகப் பார்த்தார். அதில் கோபம் இல்லை.

"நீ" என்றார். "வழியில்லாம."

இல்லை மாமா, மனசாரத்தான் சொன்னேன் என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். அவர் அதற்காகத்தான் காத்திருந்தார், எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்த பொய், அவர் ஒருவர் முன்னால் எனக்கு வாயில் வரவில்லை.